வேல் படம் விற்ற அனுபவம்: டர்பனிலிருந்து சில பாடங்கள்

நான் விற்பது பெரிய சரக்கு ஒன்றும் இல்லை. குழந்தைகள் வண்ணம் தீட்டும் தாள்கள், உயிரெழுத்து அட்டைகள், காவடி எடுப்பவர்கள் பாட்டு வரிகளைச் சொல்லிப் பழக நான் நிறுத்தி நிதானமாகப் படித்துப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்ததிலிருந்து, இங்குள்ள சாட்ஸ்வர்த் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்காக வரைந்ததுதான் மெல்ல வியாபாரமாக வளர்ந்தது.

இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது ஆங்கிலம். ஆனால் புரட்டாசி பிறந்தால் கறி மீன் தொடமாட்டார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் இருக்கமாட்டார்கள். "அர்த்தம் அப்புறம் பார்த்துக்கலாம் ஆன்ட்டி, முதல்ல தப்பில்லாமல் சொல்ல வரணும்" என்று கேட்டு வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

எல்லோரையும் போல நானும் ஒரு பெரிய நிறுவனத்தின் படம் பகிரும் தளத்தில்தான் கடையைத் திறந்தேன். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில்தான் எனக்கு விற்பனை சூடுபிடிக்கும். சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்தை முடக்கினார்கள். சொன்ன காரணம் ஆயுத விற்பனை. எடுத்துப் பார்த்தால், ஐந்து வயதுப் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் முருகன் படம். கையில் வேல். முறையீடு எழுதினேன், மனிதர் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அடுத்து, அலகு குத்திய பக்தர் ஒருவரின் படத்தை வன்முறை என்று நீக்கினார்கள். காவடி முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு பக்கம் தானாகத் திரும்பி வந்தது. விளக்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. வேல் இல்லாத முருகனுக்கு நான் எங்கே போவது?

வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளையின் அப்பா உம்ஷ்லாங்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். அவர்தான் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தைக் காட்டினார். 2016ல் ஜெர்மனியில் எய்கன் ரோச்கோ என்ற இளைஞர் தொடங்கியது. மொத்தத்துக்கும் முதலாளி என்று ஒரே கம்பெனி கிடையாது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் (தளத்தைத் தாங்கும் கணினிகள்), ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நடத்துகிறார். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். இதைச் சாத்தியமாக்கும் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையை, அதாவது சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் விதிகளை, 2018 ஜனவரியில் இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தன் அதிகாரப்பூர்வப் பரிந்துரையாக வெளியிட்டது. படங்களுக்குப் பிக்சல்ஃபெட், வீடியோவுக்குப் பியர்டியூப் என்று இதே நெறிமுறையில் ஒரு குடும்பமே இருக்கிறது. மொத்தத்துக்கும் ஃபெடிவெர்ஸ் என்று பெயர். ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளம் வேறொரு நெறிமுறையில் ஓடுகிறது.

இந்த வட்டாரங்களில் ஓயாத ஒரு விவாதம்: இங்கே வியாபாரத்துக்கு வசதி செய்து கொடுக்கலாமா, கூடாதா? கூடாது என்பவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. விளம்பரத் தொல்லை இல்லை என்பதற்காகவே வந்தவர்கள் அவர்கள். 2024 பிப்ரவரியில் கவனிப்பாரில்லாமல் கிடந்த சிறு சர்வர்களில் போலிக் கணக்குகளைத் திறந்து யாரோ குப்பைப் பதிவுகளை ஊரெல்லாம் கொட்டியபோது, தூக்கம் கெட்டது சம்பளமில்லாமல் சர்வர் நடத்துகிறவர்களுக்குத்தான். காசும் புழங்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று அவர்கள் பயப்படுவது இயல்பு.

ஆனால் வியாபாரம் ஏற்கெனவே அங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஓவியர்கள் ஆர்டர் எடுக்கிறார்கள், இசைக்காரர்கள் ஆல்பம் விற்கிறார்கள், நான் எழுத்து அட்டை விற்கிறேன். வசதி செய்து தராததால் எந்த விற்பனையும் நின்றுவிடவில்லை. பாதுகாப்பில்லாமல் நடக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாதுகாப்பு எங்கெங்கே தேவைப்பட்டது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

சேருவதற்கு முன் சர்வர் நடத்துபவருக்கு எழுதிக் கேட்டேன். இதை எல்லோருக்கும் சொல்வேன்: விதிகளைப் படியுங்கள், புரியாவிட்டால் கேளுங்கள். சில சர்வர்களில் விளம்பரமே கூடாது. சிலவற்றில் சொந்தப் படைப்பை விற்கலாம், அடுத்தவர் சரக்கை விற்கக் கூடாது. எங்கள் நிர்வாகி நெதர்லாந்துக்காரர். "தாராளமாக விற்கலாம், சண்டை வந்தால் மட்டும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வராதீர்கள்" என்று பதில் எழுதினார். அப்போது சிரித்தேன். பிறகுதான் அதன் ஆழம் தெரிந்தது.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ஒருவர் அட்டைகள் வாங்கினார். இங்கே அஞ்சல் துறை 2023ல் மீட்பு நிர்வாகத்தின் (கடனில் தவிக்கும் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த அமர்த்தப்படுவோர்) கைக்குப் போனதிலிருந்து தத்தளிப்பதால், என்னைப் போன்ற சிறு வியாபாரிகளில் பலர் பெப் துணிக்கடைகளில் இருக்கும் பாக்ஸி பார்சல் வசதியை நம்பியிருக்கிறோம். நம் ஊர்ப் பெப் கடையில் பையைக் கொடுத்தால், வாங்குபவர் தன் ஊர்ப் பெப் கடையில் எடுத்துக்கொள்வார். அந்த முறை பார்சல் தாமதமானது. அவர் பொறுமையிழந்து, நான் ஏமாற்றுக்காரி என்று பொதுவில் எழுதி, நிர்வாகிக்கும் புகார் அனுப்பிவிட்டார். ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு என் வங்கிக் கணக்கு தெரியுமா, பார்சல் எந்தக் கடையில் கிடக்கிறது என்று தெரியுமா? நான் பாக்ஸியின் கண்காணிப்பு எண்ணை அந்தப் புகாருக்கடியிலேயே போட்டேன். பார்சல் போய்ச் சேர்ந்ததும் அவரே புகாரை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து எண் கைக்கு வந்தவுடன் வாங்கியவருக்கு அனுப்பிவிடுவது வழக்கம். இன்னொன்றும் உறுதியானது: வலைப்பின்னலோ அதை நடத்தும் தன்னார்வலரோ பணத்தகராறில் நடுவராக இருக்கக் கூடாது. நடுவர் வேண்டுமென்றால் காசை அவர் பிடித்து வைக்க வேண்டும். காசைப் பிடித்து வைத்தால் கமிஷன் வரும். கமிஷன் வந்தால் எது விற்கிறதோ அந்தப் பதிவு மேலே ஏறும். நான் எதை விட்டு ஓடி வந்தேனோ, கடைசியில் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது விலை. மாஸ்டடானில் ஒரு பதிவு போட்டால் பின்தொடர்பவர்கள் இருக்கும் சர்வர்களுக்கெல்லாம் அதன் நகல் போகிறது. நான் விலையைத் திருத்தினால் திருத்தமும் போகும். ஆனால் எல்லா மென்பொருளும் அதை ஒரே மாதிரி காட்டுவதில்லை. நீக்கினாலும், நீக்கச் சொல்லிக் கேட்கலாமே தவிர எல்லா இடத்திலும் நீங்கியதா என்று உறுதி சொல்ல முடியாது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவிலிருந்து ஒரு அம்மா, எப்போதோ பகிரப்பட்ட பழைய பதிவைக் காட்டி அந்த விலைக்கே கேட்டார். கொடுத்துவிட்டேன், ஒலிக்கோப்புதானே. காகிதமும் அச்சுக்கூலியும் ஏறிய அட்டையாக இருந்திருந்தால் கைநஷ்டம். இப்போது பதிவில் விலையே எழுதுவதில்லை. சொந்த டொமைனில் (எனக்கே உரிய இணைய முகவரியில்) ஒரு பக்கம் வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் அங்கே நிரந்தர முகவரி கொடுத்திருக்கிறேன். பதிவு அந்த முகவரியைக் காட்டும், அதோடு சரி.

சொந்தப் பக்கம் வைப்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணு வணிகச் சட்டப்படி, இணையத்தில் விற்பவர் தன் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், போக்குவரத்து உட்பட மொத்த விலை, திருப்பி எடுக்கும் விதிகள் எல்லாவற்றையும் வாங்குபவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். பெரும்பாலான பொருள்களைக் கையில் கிடைத்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிவிடும் உரிமையும் வாங்கியவருக்கு இருக்கிறது. மாஸ்டடான் பதிவுக்கு வழக்கமான அளவு 500 எழுத்து. அதில் இத்தனையும் எங்கே அடங்கும்?

சர்வர்கள் மூடப்படுவதும் உண்டு. 2023இல் மாஸ்டடான் டாட் லோல் என்ற பெரிய சர்வரை அதன் நிர்வாகி மூடிவிட்டார். வேறு சர்வருக்குக் குடிபெயர்ந்தால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. பொருள் விவரம் பதிவில் மட்டும் இருந்தால் அதோடு போச்சு. பெரிய கம்பெனிகளை நம்பினால் மட்டும் நிலைக்குமா என்றால் அதுவும் இல்லை. நேரலையில் பொருள் விற்கும் வசதியை ஃபேஸ்புக் 2022 அக்டோபர் 1ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டதே.

என்னை உண்மையிலேயே உலுக்கியது போலிக் கணக்கு. ஃபெடிவெர்ஸில் முழுப்பெயர் என்பது நம் பெயரும் சர்வரின் பெயரும் சேர்ந்தது. முதல் பாதியை யார் வேண்டுமானாலும் இன்னொரு சர்வரில் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் அப்படியே என் பெயர், என் படம், நான் வரைந்த மயில், எல்லாவற்றையும் எடுத்து வைத்து, தன் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு விற்க ஆரம்பித்திருக்கிறார். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் ஒரு ஆயா பேத்தியின் போனில் பார்த்துவிட்டுப் பணம் போட்டிருக்கிறார். கோயிலில் என்னைப் பார்த்ததும், "காசு போட்டு எவ்ளோ நாளாச்சு, அட்டை வரலையே கண்ணு" என்றார். பேத்தி திரையைக் காட்டினாள். எனக்கே ஒரு நிமிஷம் அது என் கணக்கு என்றுதான் தோன்றியது.

ஆயாவுக்கு அட்டைகளைச் சும்மா கொடுத்தேன். பேத்தியை வங்கியின் மோசடிப் பிரிவுக்கு உடனே போன் செய்ய வைத்தேன். இதில் நேரம்தான் முக்கியம், பணம் அந்தக் கணக்கை விட்டு வெளியேறிவிட்டால் திரும்ப வருவது அபூர்வம். போலிக் கணக்கு இருந்த சர்வரின் நிர்வாகிக்கு எழுதினோம், பதிலே இல்லை. எங்கள் நிர்வாகி அந்தச் சர்வரோடு தொடர்பையே துண்டித்தார். ஆனால் அவர் எங்கள் சர்வருக்கு மட்டும்தான் கதவைச் சாத்த முடியும். மற்றச் சர்வர்களில் அந்தப் போலி தெரிந்துகொண்டுதான் இருந்தது.

இதற்கு மாஸ்டடானிலேயே பாதி மருந்து இருக்கிறது. நம் இணையப்பக்கத்தில் ஒரு சின்ன வரி நிரலைச் சேர்த்துவிட்டால், மாஸ்டடான் சுயவிவரத்தில் அந்த முகவரிக்குப் பச்சை டிக் விழும். பக்கம் யாருடையதோ கணக்கும் அவருடையது என்று அர்த்தம். ப்ளூஸ்கையில் நம் டொமைனையே கணக்குப் பெயராக வைத்துக்கொள்ளலாம். டொமைன் வாங்க ஆகும் வருடச் செலவு இரண்டு பன்னி சாப்பிடும் காசைத் தாண்டாது (பன்னி என்றால் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவது, டர்பன் வந்தால் விடாதீர்கள்). விற்க நினைப்பவர்கள் முதல் பதிவு போடும் முன் இதைச் செய்துவிடுங்கள். நெறிமுறை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பதும் இதை ஒட்டியதுதான். விற்பனைப் பதிவு என்று தனி வகை இருக்கட்டும். விலை, இருப்பு, விற்பவரின் டொமைன் மூன்றும் அதில் இருக்கட்டும். டொமைன் சரிபார்க்கப்படவில்லை என்றால் வாங்குபவர் திரையில் சிவப்பாகத் தெரியட்டும். விலைச்சீட்டு ஊரெல்லாம் போகட்டும், கல்லாப்பெட்டி என் வீட்டில் இருக்கட்டும். விற்பனைப் பதிவே வேண்டாம் என்பவர்களும் அந்த வகையை ஒரே தட்டில் மறைத்துவிடலாம்.

இனி அந்தக் கல்லாப்பெட்டி. வெளிநாட்டில் இருந்து வரும் யோசனைகள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகின்றன.

கோஸ்ட் என்ற எழுத்துத் தளம் லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது. சந்தாப் பணத்தில் அவர்கள் பங்கு எடுப்பதில்லை. ஃபெடிவெர்ஸோடும் இணைந்துவிட்டார்கள். கேட்கும்போது எனக்காகவே செய்தது போல இருந்தது. ஆனால் பணம் வசூலிக்க அது நம்பியிருப்பது ஸ்ட்ரைப் நிறுவனத்தை. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் வியாபாரி நேரடியாக ஸ்ட்ரைப் கணக்கு திறக்க வழியில்லை; 2020ல் ஸ்ட்ரைப் வாங்கிய பேஸ்டாக்தான் இங்கே வேலை செய்கிறது. பதிவு உலகமெல்லாம் பரவலாகப் போகிறது, காசு வரும் வழி மட்டும் ஒரே அமெரிக்கக் கம்பெனி. அந்தக் கம்பெனி இல்லாத நாட்டில் இருப்பவருக்குக் கடை திறந்தும் பிரயோசனமில்லை.

இங்கே எனக்கு நடைமுறையில் ஓடுவது வேறு. உள்ளூர்க்காரர்களுக்குப் பேஷாப் என்ற உடனடிப் பணமாற்று வசதி. 2023 மார்ச்சில் வந்தது. வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்காமல் போன் எண்ணை வைத்தே பணம் வாங்கலாம், கையோடு வரவு விழும். பேஷாப் பிடிக்காதவர்கள் ஈ.எஃப்.டி. (வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு இணையவழி மாற்று) போடுவார்கள். வேறு வங்கியிலிருந்து வந்தால் ஒன்றிரண்டு வேலைநாள் ஆகும். அதற்குள், பணம் போட்டதற்கு ஆதாரம் என்று வாட்ஸப்பில் ஒரு படம் வரும். அந்தப் படத்தை நம்பிச் சரக்கை அனுப்பாதீர்கள். போலி ஆதாரம் தயாரிப்பது இங்கே ஒரு தொழிலாகவே நடக்கிறது. என் வங்கிச் செயலியில் வரவு தெரிந்தால்தான் பையில் ஸ்டிக்கர் ஒட்டுவேன். சொந்தக்காரர் கேட்டாலும் அதே பதில்தான். முகம் கொஞ்சம் கோணும், பரவாயில்லை.

ரீயூனியன், மொரீஷியஸ், ஐரோப்பாக்காரர்களுக்குப் பேபால். இங்கே அதில் ஒரு நிபந்தனை உண்டு. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டின்படி பேபாலில் வரும் பணத்தை 30 நாளுக்குள் எஃப்.என்.பி. வங்கி வழியாக இந்நாட்டு நாணயமான ரேண்டாக மாற்றிவிட வேண்டும். அதனால் டாலர் ஏறட்டும் என்று காத்திருக்கும் வித்தையெல்லாம் இங்கே நடக்காது. விலை வைக்கும்போதே மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்து வையுங்கள். வெளிநாட்டுக்கு நான் பொருளாக எதையும் அனுப்புவதில்லை. ஒலிக்கோப்பும் அச்சிடும் கோப்பும் மட்டும்தான்; அஞ்சலை நம்பி ஒரு அட்டைக்கட்டைக் கடல் தாண்டி அனுப்பும் தைரியம் எனக்கு இல்லை.

பிட்காயின் போன்ற க்ரிப்டோ நாணய ஆட்கள் நாஸ்டரைக் காட்டுவார்கள். அதுவும் பரவலான வலைப்பின்னல்தான். பிடித்த பதிவைத் தட்டினால் எழுதியவருக்கு லைட்னிங் என்ற வேகப் பணப்பாதை வழியாகப் பிட்காயின் சில்லறை போகும், அதை ஸாப் என்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இங்கே பிக் அன் பே சூப்பர்மார்க்கெட்டிலேயே பிட்காயினில் சாமான் வாங்கலாம் என்பதால் ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். ஆனால் 2023 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். நாஸ்டருக்கான டேமஸ் என்ற ஐபோன் செயலியை, பதிவுக்குக் காசு கொடுப்பது டிஜிட்டல் பொருள் விற்பனைக்குச் சமம் என்று சொல்லித் தன் செயலிக் கடையிலிருந்து நீக்கப்போவதாக ஆப்பிள் எச்சரித்தது. பதிவுகளில் இருந்த ஸாப் பட்டனை எடுத்த பிறகுதான் விட்டார்கள். நெறிமுறைக்கு முதலாளி இல்லாவிட்டால் என்ன, போனுக்கு முதலாளி இருக்கிறாரே. அதனால்தான் வாங்கும் வேலையைச் செயலிக்குள் வைக்காமல், இணைப்பைத் தட்டியதும் பிரவுசரில் என் பக்கம் திறக்கும்படி வைத்திருக்கிறேன்.

ப்ளூஸ்கையும் 2024 அக்டோபரில், படைப்பாளிகளுக்கு ஆதரவாளர்கள் காசு கொடுக்கும் வசதியைக் கட்டப்போவதாக அறிவித்தது. வந்தால் எட்டிப் பார்ப்பேன். முதல் கேள்வி, எந்த நாட்டு வங்கிக்குப் போகும் என்பதுதான்.

ஆர்டர் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். மாஸ்டடானில் தனிச்செய்தி என்பது முழு ரகசியம் இல்லை. சர்வர் நடத்துபவர் நினைத்தால் பார்க்க முடியும். வாங்குபவர் வீட்டு முகவரியை அதில் எழுதினால், "இதை அழித்துவிட்டு என் பக்கத்தில் இருக்கும் படிவத்தில் போடுங்கள்" என்று பதில் சொல்லிவிடுவேன். இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. வாடிக்கையாளர் பட்டியலைப் பத்திரமாக வைப்பது சட்டப்படி என் பொறுப்பு. அந்தப் பட்டியல்தான் என் முதலீடும்கூட. எந்தத் தளம் மூடினாலும், எந்த இயந்திரம் வேல் படத்தை ஆயுத விற்பனையாகப் பார்த்தாலும், மின்னஞ்சலில் "இந்த வருஷக் காவடித் தாள்கள் தயார்" என்று இரண்டு வரி அனுப்ப முடியும்.

சரி, விற்பனை கூடியதா? டர்பன்காரர்களில் பெரும்பாலோர் வாட்ஸப்பை விட்டு அசைவதில்லை. ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாவில் மேசை போட்டு விற்பதை ஃபெடிவெர்ஸ் நெருங்கவே முடியாது. ஆனால் மேசைக்கு வர முடியாதவர்கள் அங்கேதான் கிடைத்தார்கள். ரீயூனியனில் தைப்பூசத்துக்குப் பழகுகிறவர்கள், தமிழ் மறந்த வீட்டில் பிறந்து ஹாலந்தில் வேலை பார்க்கும் பெண், பேரனுக்கு எழுத்துச் சொல்லித்தரும் மொரீஷியஸ் தாத்தா. இவர்கள் வாங்குவது குறைவு, கேள்வி கேட்பது அதிகம். அவர்கள் கேட்டுக் கேட்டே ஒலிக்கோப்புகளின் வேகத்தை இன்னும் குறைத்திருக்கிறேன்.

இப்போது ஃப்ளோமார்க்ட் என்ற ஃபெடிவெர்ஸ் மென்பொருளை வகுப்புக்காக முயன்று பார்க்கிறோம். வரி விளம்பரம் மாதிரி: பொருளின் படம், விலை, எந்த வட்டாரம், அவ்வளவுதான். வாங்க நினைப்பவர் விற்பவருக்குச் செய்தி அனுப்புவார். பணத்தைப் பற்றி மென்பொருள் வாயே திறக்காது. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பட்டுப்பாவாடைகள், இந்த வருஷம் தேவைப்படாத காவடிக் கட்டைகள், படித்து முடித்த பாடப்புத்தகங்கள் எல்லாம் அதில் ஏறுகின்றன. பெற்றோர்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வாசலிலேயே சரக்கையும் காசையும் மாற்றிக்கொள்கிறார்கள். முதல் வாரமே ஒரு பட்டுப்பாவாடைக்கு மூன்று அம்மாக்கள் செய்தி அனுப்ப, யாருக்குக் கொடுப்பது என்று அந்த வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். "முதலில் செய்தி அனுப்பினவங்களுக்குக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டேன்.